128 என்றால் எத்தனை ஸ்வரம்? டிஜிட்டல் சிந்தசைசரில் ஒலியின் சிக்கலும் பாலிஃபோனியும்

1. ஆய்வின் வினா

சிந்தசைசர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் சில கேள்விகளுள் "பாலிஃபோனி எவ்வளவு?" என்பதும் ஒன்று. விற்பவர் 64, 128, 256 என்று ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார். ஒரே நேரத்தில் அத்தனை ஸ்வரங்கள் ஒலிக்கும் என்று இருவருமே எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தபின் நான்கு விரலால் ஒரு கோர்டு பிடித்து, பெடலை அழுத்தியபடி அடுத்தடுத்த கோர்டுகளுக்குப் போகும்போது, முதல் கோர்டின் அடிநாதம் சட்டென அறுந்துபோகிறது. பத்து விரலுக்கு 64 போதாதா என்ற திகைப்பு அப்போதுதான் வருகிறது.

இக்கட்டுரையின் வாதம் இது. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் கருவியின் மொத்தக் கொள்ளளவைச் சொல்கிறது. அதில் ஒரு ஸ்வரம் எவ்வளவை எடுத்துக்கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது நாம் தேர்ந்தெடுக்கும் ஒலி. ஆகவே இரண்டு கருவிகளின் பாலிஃபோனி எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பயனற்றது. ஒரு ஸ்வரத்துக்கு ஆகும் செலவையும் அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை டிஜிட்டல் கருவிகள். அனலாக் கருவிகளும் கணினி மென்பொருள்களும் ஒப்பீட்டுக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

2. ஒரு ஸ்வரத்துக்குள் நடக்கும் கணக்கு

ஒரு கட்டையை அழுத்தியதும் டிஜிட்டல் சிந்தசைசர் செய்யும் வேலை முழுவதும் கணக்குதான். அலையை உருவாக்கும் ஆசிலேட்டர், அதன் மேல்தொனிகளைச் செதுக்கும் ஃபில்டர், ஒலி எழுவதையும் அடங்குவதையும் கட்டுப்படுத்தும் என்வலப், அசைவைத் தரும் எல்எஃப்ஓ ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓயாமல் மதிப்புகள் கணிக்கப்படுகின்றன. வெளியே போகும் ஒலிக்கு நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் தேவை. அந்த வேகத்துக்குக் கணக்கு ஈடுகொடுத்தே ஆகவேண்டும். பின்தங்கினால் ஒலியில் சொடுக்குச் சத்தம் கேட்கும்.

கற்பனையாக ஒரு சிப்பை எடுத்துக்கொள்வோம். அது நொடிக்கு 20 கோடி கணக்குச் செயல்களைச் செய்யக்கூடியது. 48,000 மாதிரிகளுக்குப் பங்கிட்டால் ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 4,166 செயல்கள் கிடைக்கும். ஓர் எளிய ஸ்வரத்துக்கு 60 செயல் போதும் என்றால் ஒரே நேரத்தில் 69 ஸ்வரம் ஒலிக்கலாம். மூன்று ஆசிலேட்டர், செங்குத்தான ஃபில்டர், நான்கைந்து என்வலப் என்று ஒரு ஸ்வரத்துக்கு 400 செயல் ஆனால் மிஞ்சுவது 10 ஸ்வரம். சிப் அதேதான், விலையும் அதேதான். ஒலி மட்டும் மாறியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். காதுக்குச் செழிப்பாகக் கேட்கும் ஒலியும் சிப்புக்குக் கனமான ஒலியும் ஒன்றல்ல. நாற்பது வயலின்கள் சேர்ந்து வாசித்ததைப் பதிவுசெய்து ஒரே சாம்பிளாக வைத்திருந்தால், அதை ஒலிக்கச் செய்ய ஆகும் செலவு ஒற்றைப் புல்லாங்குழல் சாம்பிளுக்கு ஆகும் செலவேதான். செழிப்பு முழுவதும் நினைவகத்தில் இருக்கிறது. சிப் அதை எடுத்து வாசிக்கிறது, அவ்வளவே. மாறாக, காற்று ஒரு குழலுக்குள் போய்வரும் விதத்தைக் கணக்காகவே கட்டியெழுப்பும் கருவியில், ஒற்றைக் குழலின் மெல்லிய ஊதலே சிப்பின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். "இந்த ஒலி பிரமாண்டமாக இருக்கிறது, அதனால் பாலிஃபோனியைத் தின்னும்" என்று காதை வைத்து முடிவுகட்டினால் தவறிவிடக்கூடும்.

3. பங்கீட்டின் மூன்று வகை

கடந்த நாற்பது ஆண்டுகளின் டிஜிட்டல் கருவிகளைப் பார்த்தால், சிப்பின் ஆற்றலை ஸ்வரங்களுக்குப் பங்கிடுவதில் மூன்று வகைகள் தெரிகின்றன. நம் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே அட்டைப்பெட்டி எண்ணைப் படிக்கும் விதம் மாறிவிடும்.

3.1 நிலையான பங்கு

யமஹா 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 இதற்குத் தெளிவான சான்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறையில் அது இயங்கியது. ஒரு ஸ்வரத்துக்கு 6 ஆபரேட்டர்கள், அதாவது ஒன்றையொன்று மாற்றியமைக்கும் சைன் அலை உருவாக்கிகள். அவற்றை ஒன்றோடொன்று இணைக்க 32 அல்காரிதங்கள். மொத்தம் 16 ஸ்வரம். ஆக 96 ஆபரேட்டர்கள். உள்ளே 96 தனித்தனிச் சுற்றுகள் கிடையாது. ஒரே கணக்குப் பொறி நொடிக்குச் சுமார் 49,000 முறை அந்த 96 இடங்களையும் வரிசையாகச் சுற்றி வரும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 47 லட்சம் ஆபரேட்டர் கணக்குகள். 1983இல் கடையில் வாங்கக் கிடைத்த ஒரு வாத்தியத்துக்கு அது பெரும் சாதனை.

நமக்கு முக்கியமானது அந்தச் சுற்றின் மாறாத்தன்மை. ஒரு பேட்சில், அதாவது சேமித்துவைத்த ஒலி அமைப்பில், இரண்டு ஆபரேட்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நான்கையும் அணைத்துவிட்டாலும், அவற்றுக்கு ஒதுக்கிய நேரம் வேறு ஸ்வரத்துக்குப் போவதில்லை. ஆறையும் முழுதாகப் பயன்படுத்தும் சிக்கலான மணியோசைக்கும் 16, வெறும் சைன் அலைக்கும் 16. இந்த வகையில் ஒலியின் சிக்கல் பாலிஃபோனியைத் தொடுவதே இல்லை. அச்சிட்ட எண் அப்படியே உண்மை.

3.2 பொதுக் கையிருப்பு

1980களின் பிற்பகுதியில் சாம்பிள் அடிப்படையிலான கருவிகள் வந்தபோது வேறொரு ஏற்பாடு பரவியது. கருவியிடம் இத்தனை ஒலி அலகுகள் உண்டு. ஒரு ஸ்வரம் எத்தனை அலகைக் கேட்கிறதோ அத்தனையை எடுத்துக்கொள்ளும். கட்டையை விட்டு ஒலி அடங்கியதும் திருப்பிக் கொடுக்கும்.

ரோலண்ட் 1987இல் வெளியிட்ட எம்டி-32 என்ற பெட்டியில் 32 அலகுகள் இருந்தன. ரோலண்ட் அவற்றைப் பார்ஷியல் என்று அழைத்தது. ஓர் ஒலி 1 முதல் 4 பார்ஷியல் வரை கொண்டிருக்கலாம். ஆகவே அதே பெட்டி எளிய ஒலியில் 32 ஸ்வரமும் கனமான ஒலியில் 8 ஸ்வரமும் தந்தது. அதே ஆண்டின் டி-50 கருவியில் ஒற்றை நிலையில் 16 ஸ்வரம், இரண்டு ஒலிகளைச் சேர்த்து அடுக்கினால் 8. மறு ஆண்டு வந்த கோர்க் எம்1 கருவியில் ஒரு ஆசிலேட்டர் கொண்ட புரோகிராமுக்கு 16 ஸ்வரம், இரண்டு ஆசிலேட்டர் கொண்டதற்கு 8.

எம்1 கருவியில் காம்பினேஷன் என்ற வசதி உண்டு. 8 புரோகிராம்கள் வரை அதில் சேர்க்கலாம். எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எட்டுமே இரட்டை ஆசிலேட்டர் ஆனால், ஒரு கட்டைக்கு 16 ஆசிலேட்டர் தேவை. கையிருப்பு முழுவதும் அதோடு தீர்ந்தது. கணக்குப்படி அந்த அடுக்கில் ஒரே ஒரு ஸ்வரம்தான் ஒலிக்க முடியும். காம்பினேஷனை அப்படிக் கட்டுவோர் அரிது. ஆனால் எண்ணிக்கை 16இலிருந்து 1 வரை ஒரே கருவிக்குள் இறங்க முடியும் என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்று விற்கும் பெரும்பாலான கீபோர்டுகளும் வொர்க்ஸ்டேஷன்களும் இந்த வகைதான். 16க்குப் பதில் 128 அல்லது 256 இருக்கிறது, முறை மாறவில்லை.

3.3 சுமைக்கேற்ற பங்கு

மூன்றாம் வகையில் அலகு என்ற ஒன்றே கிடையாது. சிப்பின் மொத்த நேரம் ஒரு பக்கம், பேட்ச் கேட்கும் நேரம் மறுபக்கம். வகுத்தால் வருவது பாலிஃபோனி. ஸ்வீடனின் கிளேவியா நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் கொண்டுவந்த நார்ட் மாடுலர் இதைப் பயனருக்கு வெளிப்படையாகவே காட்டியது. ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் முதலான மாட்யூல்களைக் கணினித் திரையில் இழுத்துப்போட்டு பேட்சைக் கட்டுவோம். ஒவ்வொரு மாட்யூலையும் சேர்க்கச் சேர்க்க டிஎஸ்பி (ஒலிக் கணக்குச் சிப்) சுமை எத்தனை சதவீதம் ஏறியது என்று திரையில் தெரியும். அதில் ஒரு நுட்பமும் உண்டு. பேட்ச் இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒன்று ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கப்படும் பகுதி. மற்றது எல்லா ஸ்வரங்களும் கலந்தபின் ஒரே முறை கணிக்கப்படும் பொதுப் பகுதி. டிலேயைப் பொதுப் பகுதிக்கு நகர்த்தினால் ஒலி பெரிதும் மாறாமலே ஸ்வர எண்ணிக்கைக்கு இடம் கிடைக்கும்.

இந்த வகைக்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று கோர்க் குரோனோஸ். 2011இல் வந்தது. உள்ளே இன்டெல் ஆட்டம் பிராசஸர். அதன்மேல் ஒன்பது வெவ்வேறு ஒலி இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒரே பிராசஸர் என்பதால், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கோர்க் அறிவித்திருக்கும் உச்ச எண்ணை, அந்த ஒலி முறையின் விலைப்பட்டியலாகவே வாசிக்கலாம். சாம்பிள் வாசிக்கும் எச்டி-1க்கு 140. அனலாக் பாணியை முழு விரிவோடு கணிக்கும் ஏஎல்-1க்கு 80. எஃப்எம் முதலான முறைகளைக் கலக்கும் மாட்-7க்கு 52. கம்பியின் அதிர்வைக் கணக்கால் கட்டும் எஸ்டிஆர்-1க்கு 40.

இதற்குள் ஒரு ஜோடியை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பாலிசிக்ஸ், எம்எஸ்-20 இரண்டும் கோர்க்கின் பழைய அனலாக் கருவிகள். இரண்டின் டிஜிட்டல் வடிவமும் குரோனோஸில் உண்டு. பாலிசிக்ஸுக்கு 180 ஸ்வரம், எம்எஸ்-20க்கு 40. நான்கரை மடங்கு வேறுபாடு. பாலிசிக்ஸின் அமைப்பு எளியது: ஓர் ஆசிலேட்டர், துணைக்குக் கீழ்ஸ்தாயியில் ஓர் அலை, ஒரு ஃபில்டர், ஒரு என்வலப். எம்எஸ்-20இல் இரண்டு ஆசிலேட்டர், இரண்டு ஃபில்டர். அதோடு எதையும் எதனோடும் ஒயர் போட்டு இணைக்கும் பேட்ச் பலகை. எங்கிருந்து எங்கே ஒயர் போகும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, கணக்கைச் சுருக்கும் குறுக்குவழிகளும் அடைபடுகின்றன. கேட்பவருக்கு இரண்டும் பழைய அனலாக் வாசனை கொண்ட ஒலிகள். பிராசஸருக்கு ஒன்று சுமை, மற்றது பெருஞ்சுமை.

அதே குரோனோஸின் பியானோ இயந்திரமான எஸ்ஜிஎக்ஸ்-1க்குச் சொல்லப்படும் எண் 100. அவை 100 இரட்டை ஸ்டீரியோ ஸ்வரங்கள். மோனோ அலகில் எண்ணினால் 400. பக்கத்தில் வேறு நிறுவனத்தின் கருவி 128 என்று அறிவித்து, அதை மோனோ அலகில் எண்ணியிருந்தால், 128தான் பெரிது என்று ஒருவர் நம்பி ஏமாறக்கூடும்.

4. எந்தக் கூறு எவ்வளவு கனம்

பொதுக் கையிருப்பு வகையில் முதல் செலவு லேயர். பியானோவோடு ஸ்ட்ரிங்ஸைச் சேர்த்தால் செலவு இரட்டிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொழிற்சாலையிலிருந்து ஒற்றைப் பெயரோடு வரும் ஒலியே உள்ளுக்குள் மூன்று நான்கு அடுக்காக இருக்கும். கீபோர்டின் திரை அதைச் சொல்லாது. எடிட் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஸ்டீரியோ சாம்பிளுக்குப் பல கருவிகள் இரண்டு அலகு எடுக்கின்றன. யமஹாவின் மாண்டேஜ் போன்றவை ஸ்டீரியோ, மோனோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகின்றன. அடிக்கும் விசைக்கேற்ப சாம்பிள் மாறுவதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கும் முறைக்கு ஓர் அலகு போதும். ஒன்று மங்க மற்றொன்று ஏறும் கிராஸ்ஃபேடு முறையில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பியானோவின் தொனி மென்மையிலிருந்து வன்மைக்கு இழைந்து மாறுவது அந்தச் செலவின் பலன். பணம் கொடுத்து வாங்க வேண்டிய அழகுதான் அது.

யூனிசன் தனியே பேச வேண்டியது. ஒரு ஸ்வரத்தையே சிறு சுருதி வேறுபாட்டோடு பல குரல்களில் எழுப்பி ஒலியைத் தடிப்பாக்குவது இது. 1978இல் வந்த அனலாக் கருவியான புரொஃபெட்-5இல் யூனிசன் பொத்தானை அழுத்தினால் ஐந்து குரல்களும் ஒரே கட்டையில் குவிந்துவிடும். டிஜிட்டல் கருவிகள் பலவும் இதையே பின்பற்றுகின்றன: 16 ஸ்வரக் கருவியில் நான்கு குரல் யூனிசன் போட்டால் மிஞ்சுவது 4. ஆனால் ரோலண்ட் ஜேபி-8000 தந்த சூப்பர் சா அலை வேறு வழியில் போனது. ஏழு ரம்பப்பல் அலைகளை ஓர் ஆசிலேட்டருக்குள்ளேயே வைத்தது. ஒரு ஸ்வரம் ஒரு குரலாகவே நின்றது. காதுக்கோ ஏழு பேர் பாடுவது போன்ற விரிவு. கனத்த ஒலியைத் தேடுகிறவர்கள் யூனிசன் எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கட்டையை விட்டபின் தேய்ந்து மறையும் நேரம், அதாவது ரிலீஸ், பலர் கவனிக்காமல் விடும் செலவு. கை போய்விட்டது, அலகு இன்னும் திரும்பி வரவில்லை. மூன்று நொடி ரிலீஸ் வைத்த பேடு ஒலி, மூன்று நொடிக்கு அலகைப் பிடித்து வைத்திருக்கும். ரிவெர்ப் அப்படியல்ல. பொதுவாக எல்லா ஸ்வரங்களும் கலந்தபின் ஒரே முறை அது கணிக்கப்படுவதால், ஸ்வர எண்ணிக்கையைத் தொடுவதில்லை. ரிலீஸைப் பாதியாகக் குறைத்து ரிவெர்பைச் சற்று நீட்டினால், கேட்பவருக்கு ஏறத்தாழ அதே மிதப்பு. கருவிக்குச் சுமை குறைவு. குரோனோஸ் போன்ற மூன்றாம் வகைக் கருவிகளில் மட்டும் எஃபெக்டும் அதே பிராசஸரில் பங்கு கேட்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஃபில்டரைத் துல்லியமாகக் கணிப்பதும் விலையுயர்ந்தது. யூ-ஹீ நிறுவனத்தின் டிவா என்ற மென்பொருளில் துல்லியத்தின் அளவைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம். வரைவு நிலையிலிருந்து "தெய்விகம்" என்று பொருள்படும் உச்ச நிலை வரை நான்கு படிகள். உச்சத்துக்குப் போனால் நல்ல கணினியே திணறும். ஒலியின் தரத்துக்கும் ஸ்வர எண்ணிக்கைக்கும் இடையே ஒவ்வொரு கருவியும் உள்ளே செய்துவைத்திருக்கும் பேரத்தை அது வாசிப்பவர் கையிலேயே கொடுத்துவிட்டது. ஆர்ட்டூரியாவின் மைக்ரோஃப்ரீக் வேறு சிக்கனத்தைக் கையாள்கிறது. நான்கு ஸ்வரங்களுக்கும் சேர்த்து ஒரே அனலாக் ஃபில்டர். ஸ்வரங்கள் நான்கு கேட்கும். ஆனால் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே திறந்து மூடும்.

5. எல்லை தாண்டும் கணம்

கையிருப்பு தீர்ந்தபின் புதிய கட்டை ஒன்றை அழுத்தினால், ஒலித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றைக் கருவி பறித்துக்கொள்ளும். எதைப் பறிப்பது என்பதில்தான் நல்ல கருவியும் சுமாரான கருவியும் பிரிகின்றன. மிகப் பழையதைப் பறிப்பது எளிய விதி. ஆனால் இடது கை பிடித்திருக்கும் பேஸ் ஸ்வரமே பெரும்பாலும் பழையதாக இருக்கும். அது போனால் இசையின் தரையே சரிந்துவிடும். ஆகவே கட்டையை விட்ட ஸ்வரங்களை முதலில், அவற்றிலும் மிக மெலிந்ததை முதலில் பறிப்பதும், மிகத் தாழ்ந்த ஸ்வரத்தைக் காப்பதும் தேர்ந்த விதிகள். எம்டி-32இல் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பார்ஷியல் என்று முன்பதிவு செய்யும் வசதி இருந்தது. டிரம்ஸ் வந்து வயலினைத் தின்னாமலிருக்க அது காவல். 1991இன் ஜெனரல் மிடி தரநிர்ணயம் ஒரு கருவிக்குக் குறைந்தது 24 ஸ்வரம் வேண்டும் என்றபோது, மெல்லிசைக்கு 16, தாளத்துக்கு 8 என்று பிரித்துவைப்பதையும் அனுமதித்தது. அதுவும் இதே கவலையிலிருந்து பிறந்ததுதான்.

6. ஒரு பக்கக் கணக்கு

மேடையில் ஒருவர் வாசிப்பதை நொடிநொடியாகப் பார்ப்போம். வேகம் நிமிடத்துக்கு 120 தாளம். நான்கு தாளம் கொண்ட ஒரு பார் 2 நொடி. இடது கையில் பேடு ஒலி: 4 லேயர், எல்லாம் ஸ்டீரியோ, ஸ்டீரியோவுக்கு இரண்டு அலகு எடுக்கும் கருவி. ஆக ஒரு ஸ்வரத்துக்கு 8 அலகு. ரிலீஸ் 3 நொடி. பாருக்கு ஒரு கோர்டு, கோர்டுக்கு நான்கு ஸ்வரம். வலது கையில் ஸ்டீரியோ பியானோ, ஸ்வரத்துக்கு 2 அலகு, பாருக்கு 16 ஸ்வரம். பெடல் பியானோவுக்கு மட்டும். புதிய கோர்டு விழுந்தபின்னரே பெடலைத் தூக்கி மறுபடி அழுத்துவார். ஒலி இழையாக வர வாசிப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

மூன்றாவது கோர்டு விழும் கணத்தில் நிற்போம். கையில் இருப்பது மூன்றாவது. இரண்டாவது கோர்டு இப்போதுதான் விடுபட்டது, முழு வலுவோடு தேயத் தொடங்குகிறது. முதல் கோர்டு விடுபட்டு 2 நொடி ஆயிற்று. இன்னும் 1 நொடி மிச்சம். மூன்று கோர்டு, 12 ஸ்வரம், 96 அலகு. பியானோவில் போன பாரின் 16 ஸ்வரங்களைப் பெடல் இன்னும் பிடித்திருக்கிறது. புதிய பாரின் முதல் ஸ்வரமும் விழுந்துவிட்டது. 17 ஸ்வரம், 34 அலகு. கூட்டினால் 130.

கருவி 128 அலகு கொண்டது என்றால் 2 அலகு பற்றாக்குறை. நல்ல விதி உள்ள கருவி முதல் கோர்டின் தேய்ந்துபோன வாலிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. அதே வாசிப்பு 64 அலகுக் கருவியில் என்னவாகும்? 66 அலகைப் பறிக்க வேண்டும். முதல் கோர்டின் 32 போகும். போதாது. இரண்டாவது கோர்டின் 32உம் போகும், அதுவும் முழு வலுவோடு ஒலிக்கும்போதே. இன்னும் 2 அலகுக்கு ஒரு பியானோ ஸ்வரம். பேடு ஒலி மெதுவாக எழும் இயல்புடையது. புதிய கோர்டு இன்னும் மேலே வரவில்லை. பழைய கோர்டு வெட்டுப்பட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். கேட்பவர் காது கூர்ந்திருக்கும் கோர்டு மாற்றத்திலேயே அது விழுகிறது. பத்து விரலுக்கு 64 ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு விடை இந்த ஒரு கணத்துக்குள் இருக்கிறது.

இதோடு கீபோர்டின் தானியங்கி ஸ்டைலையும் ஓடவிட்டால் டிரம்ஸ், பேஸ், தாள கிடார் என்று பல பகுதிகள் அதே கையிருப்பில் கை வைக்கும். அதிலும் நீண்டு ஒலிக்கும் சிம்பல் வகைகள் விரைவில் திருப்பித் தராதவை.

7. சிறிய எண்ணே தகுதியாகும் இடங்கள்

யமஹா 1994இல் விஎல்1 என்ற கருவியை வெளியிட்டது. ஊதுகுழலிலும் கம்பியிலும் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைக் கணக்கால் உருவாக்கும் முறை. ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித் வளர்த்த வேவ்கைடு ஆய்வு அதற்கு அடிப்படை. அதன் பாலிஃபோனி 2. மறு ஆண்டு வந்த கோர்க் பிராஃபஸியில் 1. கோர்க் இசட்1 1997இல் 12 ஸ்வரம் தந்தபோது அதுவே பெரிய முன்னேற்றமாகக் கருதப்பட்டது. எண்ணை மட்டும் பார்ப்பவர் விஎல்1ஐத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் மூச்சை அழுத்தினால் தொனி பிளிறுவதும், தளர்த்தினால் நடுங்குவதும் அந்த இரண்டு ஸ்வரத்துக்குள் கிடைத்தன. ஊதுகுழல் வாசிப்பவருக்கு மூன்றாவது ஸ்வரம் எதற்கு?

கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒற்றை இழையாகச் செல்லும் ராகம், பிட்ச் பெண்டில் கொண்டுவரும் கமகம். வழக்கமான கீபோர்டில் பிட்ச் பெண்ட் அந்தச் சானலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே இழுக்கும்; முந்தைய ஸ்வரத்தின் வால் மிச்சமிருந்தால் அதுவும் கூடவே வழுக்கி அபஸ்வரமாகும். அதனால் அவர்கள் மோனோ நிலையில் வாசிப்பதே உசிதம். 256 என்ற எண்ணுக்காக அவர்கள் கொடுக்கும் கூடுதல் பணம், நல்ல வீல், நல்ல கட்டை, நல்ல ஒலி ஆகியவற்றுக்குப் போயிருக்கலாம். மறுபுறம், பெடலோடு பியானோ பழகும் மாணவருக்கும், ஸ்டைல் ஓடவிட்டு ஒற்றை ஆளாகக் குழுவையே தாங்கும் கீபோர்டுக்காரருக்கும் பெரிய எண் உண்மையான தேவை.

8. வாங்குமுன்

யமஹா 2023இல் வெளியிட்ட மாண்டேஜ் எம் கருவியின் மொத்தம் 400 என்று சொல்லப்படுகிறது. பிரித்துப் படித்தால், சாம்பிள் இயந்திரத்துக்குக் கருவியோடு வரும் ஒலிகளில் 128, நாம் ஏற்றும் ஒலிகளில் 128, எஃப்எம்முக்கு 128, அனலாக் பாணியைக் கணிக்கும் ஏஎன்-எக்ஸுக்கு 16. அனலாக் பேடு வேண்டும் என்றே ஒருவர் இதை வாங்கினால் அவருக்குரிய எண் 16. கூட வந்த ஒலிகளை மட்டும் வாசிப்பவருக்குச் சாம்பிள் வகையில் 128. 400ஐ முழுதாகத் தொடப்போவது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்குபவர் மட்டுமே. விவரப் பட்டியலில் இந்தப் பிரிவினை இருக்கிறதா என்று தேட வேண்டும். "ஒலியின் சுமைக்கேற்ப மாறும்" என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு ரோலண்ட் பட்டியல்களில் அடிக்கடி வரும். அதைக் கண்டால் முதலில் படித்த எண் உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடையிலேயே அளந்தும் பார்க்கலாம். நாம் அதிகம் வாசிக்கப்போகும் ஒலிகளுள் மிகத் தடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெடல் அழுத்தியிருக்கும்வரை தேயாத பேடு அல்லது ஸ்ட்ரிங்ஸ் நல்லது. பியானோ உதவாது, பறிபோன ஸ்வரம் தானாகத் தேய்ந்ததா வெட்டுப்பட்டதா என்று காது குழம்பும். பெடலை அழுத்திக்கொண்டு, கீழ்க்கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக நிதானமாக மேலே போக வேண்டும். காது மட்டும் அடியிலுள்ள ஸ்வரங்களிலேயே நிற்கட்டும். 128 என்று எழுதிய கருவியில் 17ஆம் கட்டையில் ஒரு பழைய ஸ்வரம் மறைந்தால், அந்த ஒலி ஸ்வரத்துக்கு 8 அலகு எடுக்கிறது. முதல் ஸ்வரம் நிற்க இரண்டாவது மறைந்தால், கருவி தாழ்ந்த ஸ்வரத்தைக் காக்கிறது என்று பொருள். அது நல்ல செய்தி. பிறகு ஸ்டைலையும் ஓடவிட்டு அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். தாளத்துக்கு நடுவே கேட்பது கடினம் என்பதால் ஸ்டைலின் சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்; பல கருவிகளில் சத்தம் குறைந்தாலும் அலகுச் செலவு குறைவதில்லை. இந்த இரண்டாவது சோதனையில் கிடைக்கும் எண்ணை வைத்தே இரண்டு கருவிகளை ஒப்பிட வேண்டும்.